ஏழெட்டு எவ்வளவு என்று மகள் கேட்டால் ஏன் திணறுகிறோம்?

கேட்டவர் பொறியியல் படித்தவர், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறார். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஏழெட்டு எவ்வளவு என்பதற்கே ஒரு கணம் தடுமாறினாராம். வல்லினம் எது, இடையினம் எது என்றும் குழப்பம். "வகுப்பில் முதல் மார்க் வாங்கினவன் நான். இதெல்லாம் எங்கே போயிற்று? மூளையில் ஏதாவது கோளாறா?" இதுதான் அவர் கேள்வி.

கோளாறு எதுவும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். அவர்களிடம் முதல் நாளே ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தாளைக் கொடுப்பது என் வழக்கம். பின்னம் வரும் இடத்தில் அறையே அமைதியாகிவிடும். பேனாவைக் கடிப்பார்கள், பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் இருபது வயதுக்குள்தான், ஒரு முடிகூட நரைத்திருக்காது. ஆகவே வயதை இந்த வழக்கிலிருந்து முதலிலேயே விடுவித்துவிடலாம்.

அப்புறம், தொடக்கப் பள்ளியில் படித்ததில் பெரும்பகுதியை நீங்கள் மறக்கவே இல்லை. இப்போது இதை வாசிக்கிறீர்கள். க-வுக்குக் கொம்பு போட்டால் கெ, துணைக்காலும் சேர்ந்தால் கொ என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. 247 எழுத்தும் அப்படியே இருக்கிறது. 305 என்ற எண்ணில் நடுவிலிருக்கும் சுழியம் என்ன வேலை செய்கிறது என்பதும், மணி பார்ப்பதும், மேற்கு எந்தப் பக்கம் என்பதும் அங்கே படித்தவைதான். அவை தினமும் புழங்குவதால் 'படித்த பாடம்' என்ற கணக்கிலேயே நாம் சேர்ப்பதில்லை. மறந்ததை மட்டும் எண்ணிப் பார்த்தால் எல்லாம் போய்விட்ட மாதிரிதான் தெரியும்.

சரி, மறந்தவை ஏன் மறந்தன?

எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்துதான் இந்தக் கதையை எல்லோரும் தொடங்குவார்கள். தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட மனிதர். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி, தட்டுத் தடுமாறாமல் ஒப்பிக்கும்வரை உருப்போடுவார். சில நாள் கழித்து அதே வரிசையை மறுபடி உருப்போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அவ்வளவு நினைவு உள்ளே தங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21.

இதை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது' என்று பயமுறுத்துவதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி எண். பொருளே இல்லாத வெறும் சத்தங்கள், ஒரு மாதம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. வாய்க்கு வராவிட்டாலும் உள்ளே ஏதோ ஒன்று கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களைப் பாருங்கள். முப்பது வயதில், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தபின், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரையான பாடப்புத்தகங்களை வாங்கி அடுக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். முதல் வாரம் எல்லாமே புதிதாகத் தெரியும். ஒரு மாதத்தில் வேகம் பிடித்துவிடும். பள்ளியில் ஒரு வருடம் இழுத்த புத்தகத்தைச் சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். முதிர்ச்சியும் வயிற்றுப் பிழைப்பும் ஒரு காரணம் என்றாலும், பழைய தடம் அழியாமல் இருப்பதும் ஒரு காரணம். ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1992-ல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஒரு விஷயம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது வேறு, இந்த நிமிடம் அதை எடுக்க முடிகிறதா என்பது வேறு. பரணில் ஏற்றிய அண்டா மாதிரி. வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் விருந்தாளி வாசலில் நிற்கும்போது கைக்கு வராது.

எது பரணுக்குப் போகிறது, எது அடுப்படியிலேயே இருக்கிறது? இதற்கு ஹாரி பாரிக் என்பவர் செய்த வேலையைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஒரு வாரம், ஒரு மாதம் என்று சோதித்துக்கொண்டிருந்தபோது இவர் ஐம்பது வருட மறதியை அளக்க இறங்கினார். 1991-ல் ஹால் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தைப் பற்றியது. ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பள்ளியை விட்டு ஐம்பது வருடம் ஆனவர்கள்வரை. பள்ளி இயற்கணிதத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஐம்பது வருடத்தில் குருட்டாம்போக்கில் விடை எழுதுகிறவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டார்கள். கல்லூரியில் நுண்கணிதமோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குப் பள்ளி இயற்கணிதம் அரை நூற்றாண்டு கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கல்லூரிக்குப் பிறகு அவர்களும் கணக்கைத் தொடாதவர்களாக இருந்தாலும்கூட.

'முதல் மார்க்' வாங்கிய நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்: பள்ளியில் வாங்கிய மதிப்பெண், மறக்கும் வேகத்தை ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. ஒரே மாதிரி நன்றாகப் படித்த இருவரில், மேலே போன பாடங்களில் அதே இயற்கணிதத்தை வருடக்கணக்காகத் தொட்டுத் தொட்டு வந்தவருக்கு அது நின்றது. மற்றவருக்குக் கரைந்தது. கணக்கில் நூறு வாங்குவது மார்ச் மாதத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. நாற்பதாவது வயதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நம் பள்ளிக்கூட ஏற்பாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். பின்ன வகுத்தல் ஒரு பருவத்தில் இரண்டு வாரம் நடக்கும். தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒரு புரட்டல். தேர்வு முடிந்ததும் நோட்டு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும். நீங்கள் பொறியியல் படித்ததால் பின்னம் மேலே வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்திருக்கும், கால்குலேட்டரோடு. முக்காலை 0.75 என்று அடித்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். பின்னமாக அதைக் கையாண்டு இருபது வருடம் ஆகியிருக்கும்.

என் பாட்டி மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எண்பது வயதிலும் பின்னக் கணக்கு வாயிலேயே போடுவார். அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி மாகாணி. பதினாறில் ஒரு பங்குக்கு இப்படி ஒரு பெயர் எதற்கு என்று சிறு வயதில் எனக்கு வியப்பாக இருக்கும். அவருக்கு அது பாடம் இல்லை, சில்லறை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு பைசா. கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, மாகாணி ரூபாய் ஒரு அணா. கத்தரிக்காய் வாங்கும் ஒவ்வொரு தடவையும் பின்னப் பயிற்சி. அரிசி அளக்கும்போதும் அப்படியே: அரைப்படி உரி, கால்படி உழக்கு, அரைக்கால்படி ஆழாக்கு. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியது. அடுத்து கிலோவும் லிட்டரும் வந்தன. அதன்பிறகு பிறந்த யாருக்கும் மாகாணி தெரியாது. அவர்கள் மந்தமாகிவிட்டார்களா என்ன? சந்தையில் அதற்கு வேலை போய்விட்டது, அவ்வளவுதான். நாலணா, எட்டணா என்ற சொற்கள் மட்டும் வெகுநாள் தாக்குப்பிடித்தன, ஏனென்றால் இருபத்தைந்து பைசாவும் ஐம்பது பைசாவும் கையில் புழங்கின.

ஏழெட்டுக்கு வருவோம். இதில் மறதியைவிட இடைஞ்சல் அதிகம். வாய்ப்பாட்டில் தப்பு விடுகிறவர்கள் என்ன விடை சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் 7 × 8 = 31 என்று சொல்வதில்லை. 54 என்பார்கள், 48 என்பார்கள், 63 என்பார்கள். எல்லாமே பக்கத்து வீட்டுக்காரர்கள்: ஆறொன்பது, ஆறெட்டு, ஏழொன்பது. எட்டு என்ற எண்ணைத் தொட்டதும் எட்டாம் வாய்ப்பாட்டின் விடைகள் எல்லாம் கையைத் தூக்குகின்றன. ஏழைத் தொட்டால் ஏழாம் வாய்ப்பாட்டுக் கூட்டமும் எழுந்து நிற்கிறது. அந்த நெரிசலில் சரியானதைப் பிடித்து இழுப்பதுதான் கஷ்டம். ஐந்தாம் வாய்ப்பாட்டில் இந்தத் தொல்லை கிடையாது, எல்லா விடையும் ஐந்திலோ சுழியத்திலோ முடிவதால் தப்பானவை தானாக விலகிக்கொள்ளும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது இவை நான்கும் ஒன்றோடொன்று பெருகும் மூலையில்தான் பெரியவர்களும் வழுக்குகிறார்கள்.

அதோடு, வாய்ப்பாட்டை நாம் பாட்டாகத்தான் படித்தோம். ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு. அந்த ராகத்தில் ஒரு வரி அடுத்த வரியை இழுத்து வரும். நடுவில் போய் ஏழாவது வரியை மட்டும் கேட்டால் வராது. மளிகைக் கடையில் பெரியவர்கள் உதட்டுக்குள் முணுமுணுப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஓரெட்டிலிருந்து ஏறி வந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு விடை தெரியாமலில்லை, வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது.

வல்லினக் குழப்பமும் இதே வகைதான். 'கசடதபற' என்று ஆரம்பித்துக் கொடுத்தால் 'ஙஞணநமன' 'யரலவழள' என்று உங்கள் வாய் தானாக முடிக்கும். சரம் அறுபடவே இல்லை. எந்தச் சரத்துக்கு எந்தப் பெயர் என்ற முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பெயருக்கும் எழுத்துக்கும் என்ன உறவு என்று அன்றைக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். இப்போது செய்து பாருங்கள்: மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுங்கள். சத்தம் நின்றுபோகும். 'ன்ன்ன்' என்றாலும் அப்படியே. மெல்லினத்துக்கு மூக்கு வேண்டும், நன்னூலே அப்படித்தான் இடம் பிரிக்கிறது. 'க்' 'ட்' 'ப்' சொன்னால் மூச்சு அடைபட்டு நிற்கும், அது வல்லினம். இரண்டுக்கும் இடைப்பட்டது இடையினம். மகளையும் மூக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். வீடு கொஞ்ச நேரம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் அவளுக்கு இது போகாது.

இதுவரை சொன்னது படித்து மறந்தவற்றைப் பற்றி. நாம் 'மறந்துவிட்டேன்' என்று சொல்வதில் இன்னொரு பெரிய குவியல் இருக்கிறது: படிக்கவே படிக்காதவை. அதாவது சொல் மட்டும் தெரிந்து, பொருள் உள்ளே இறங்காதவை.

1987 வாக்கில் ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் 23 பேரிடம் பட்டமளிப்பு விழா நாளில் எளிய கேள்விகள் கேட்டார்கள். கோடையில் ஏன் வெயில் அதிகம்? நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது? 21 பேருக்குத் தெளிவான பதில் இல்லை. கோடை வரக் காரணம் பூமி சூரியனுக்கு அருகில் போவதுதான் என்று கறுப்பு அங்கியும் தொப்பியுமாகச் சரளமாக விளக்கியவர்கள் உண்டு. நாம் சிரிப்பதற்கு முன் நம் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டிருக்கிறேன், ஆசிரியர்களிடமே. அதே பதில்தான் வரும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மார்கழிப் பனியில் கோலம் போடும் நாட்கள் அவை. மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜூலை முதல் வாரத்தில். கோடைக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. அந்தச் சாய்வால் ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருகிறது, தரை சூடேறிக்கொண்டே போய் அக்னி நட்சத்திரத்தில் நம்மை வறுக்கிறது.

ஹார்வர்ட்காரர்களும் சரி, நம் ஆசிரியர்களும் சரி, அச்சுச் சாய்வைப் பள்ளியில் படித்தவர்கள்தான். கோடிட்ட இடத்தில் '23.5 பாகை' என்று நிரப்பி மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் அடுப்புக்கு அருகே போனால் சுடும் என்ற ஐந்து வயது அனுபவம் அடியில் அசையாமல் இருந்தது. பாடம் அதன்மேல் பூசிய சுண்ணாம்பு. பரீட்சை முடிந்து சுண்ணாம்பு உதிர்ந்ததும் பழைய சுவர் தெரிகிறது. இதை மறதி என்று சொல்வதே தப்பு என்பது என் கட்சி.

உங்கள் பின்ன வகுத்தலும் இந்தக் குவியலைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று ஒரு கட்டளை மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் வெளியே நில் என்றிருப்பார்கள் (நான் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்). எதைத் தலைகீழாக்குவது, முதல் பின்னத்தையா இரண்டாவதையா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் போகும். காரணம் தெரியாத கட்டளைக்குப் பிடிமானம் இல்லை. பாட்டி வழியில் பாருங்கள். முக்காலை அரைக்காலால் வகுக்க வேண்டும். முக்கால் படி அரிசி இருக்கிறது, ஆழாக்கால் அளந்தால் எத்தனை தடவை வரும் என்பதுதான் கேள்வி. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அப்படியானால் முக்கால் படிக்கு? எட்டில் முக்கால், ஆறு. பார்த்தீர்களா, எட்டில் ஒன்றால் வகுக்கப் போய் எட்டால் பெருக்கிவிட்டோம். தலைகீழானது இரண்டாவது பின்னம், அளக்கும் பாத்திரம். வீட்டில் ஆழாக்கு இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட் போதும்: மூன்று லிட்டருக்கு எத்தனை பாக்கெட்?

நடுவில் ஒரு சங்கதி. சிலவற்றை மறந்தது நல்லதாகக்கூடப் போயிருக்கலாம். ஒன்பது கோள்கள் என்று படித்தோம், 2006-ல் புளூட்டோவைக் கழித்துவிட்டார்கள். 2001-ல் இந்திய மாநிலங்கள் 28 என்று மனப்பாடம் செய்த பையன், 2014-ல் தெலங்கானா வந்ததும் தப்பாகிப் போனான். 2019-ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதும் ஒன்றுமே செய்யாமல் மறுபடி சரியாகிவிட்டான்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? மகளின் புத்தகத்தை எடுத்து ஒரு தடவை வாசித்துவிட்டுப் போய் உட்காருவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அது அவ்வளவாக உதவாது. தினமும் கண்ணில் படுவது நினைவில் நிற்கும் என்றால் பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். (புதிய நோட்டில் கோனார்க் சூரியன் கோயிலின் சக்கரம்.) புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முதலில் ஞாபகத்திலிருந்து எடுக்கப் பாருங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அப்புறம் திறந்து சரிபாருங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்து, சிலரை மறுபடி வாசிக்கவும் சிலரைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கவும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவீதமும் வாசித்தவர்களிடம் 42 சதவீதமும் தங்கியிருந்தது. இதையே நாளைக்கு ஒரு தடவை, நாலு நாள் விட்டு ஒரு தடவை, பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு தடவை செய்தால் போதும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல்.

மகளுக்கு முன்னால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கவேண்டாம். "நீ சொல்லு, அப்பாவுக்கு மறந்துபோச்சு" என்றால் அவள் உங்களுக்கு வாத்தியார் ஆகிவிடுவாள். சொல்லிக்கொடுக்கும்போது அவளும் பார்க்காமல் எடுத்துத்தானே சொல்லவேண்டியிருக்கும்?

மூளைக் கோளாறு பயத்துக்கு ஒரே ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு முன் படித்த பாடம் வரவில்லை என்பதை வைத்து எதுவும் சந்தேகிக்கவேண்டாம். பழகின தெருவில் வழி தவறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்பது, தினம் செய்த வேலையின் முறையே குழம்புவது, இவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

எல்லாம் செய்தும் ஏழெட்டு மட்டும் அடம் பிடித்தால், விடையை முன்னால் எழுதுங்கள்: 56 = 7 × 8. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.